உள்ளது உரைக்கும் ஓலை

திண்டுக்கல் நகரின் அடையாளமாக நிமிர்ந்து நிற்பது அங்குள்ள பாறைக்குன்று. அதன்மேல் அமைந்த கோட்டையிலிருந்து நோக்குவார்க்கு, ஒருபால் சிறுமலை நீலநிறங் கொண்டு தோன்றும். மற்றொருபால் கொடைக்கானல் மலைத்தொடர் மேகத்தோடு கலந்து விளங்கும். மலைகளின் அடியிலிருந்து பரந்து கிடப்பது வானம் பார்த்த சமவெளி. நிலக்கடலையும் சோளமும் முருங்கையும் விளையும் செம்மண் நிலம் அது. வேடசந்தூர் நூற்பாலைகளில் இரவும் பகலும் முறைமாற்றி உழைப்போரும், சின்னாளபட்டித் தறிகளில் சேலை நெய்வோரும், நிலக்கோட்டைத் தோட்டங்களில் விடியுமுன் மல்லிகை கொய்வோரும் அச்சமவெளியின் மக்கள் ஆவர்.

இம்மக்களின் இல்லங்களில், ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவரும் வேனிற்காலத்தில், மகிழ்ச்சியும் கவலையும் ஒருங்கே வந்து புகும். மகன் நல்ல மதிப்பெண் பெற்றான் என்பது மகிழ்ச்சி. மேற்படிப்புக்குப் பொருள் எங்கே என்பது கவலை. கல்லூரிக் கட்டணம் ஒன்று. விடுதிச் செலவு ஒன்று. நூலும் உடையும் பேருந்துக் கட்டணமும் வேறு. உழைத்து உண்ணும் குடும்பம் இவ்வளவு சுமையையும் ஒருங்கே தாங்குவது அரிது. திறமை இருந்தும் பொருளின்மையால் கல்வி நின்றுபோவதினும் வருந்தத்தக்கது வேறு யாது?

இக்குறையைப் போக்கவே கல்வி உதவித்தொகைகள் ஏற்பட்டன. அவற்றுள் பல, சான்றிதழ்களைக் கொண்டே வழங்கப்படுவன. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டில் வந்தது. இவற்றிற்குக் கட்டுரை எழுத வேண்டுவதில்லை. ஆனால் அறக்கட்டளைகள் சிலவும் பல்கலைக்கழகங்கள் சிலவும் சான்றிதழோடு அமைவதில்லை. “நீ யார்? எதைக் கற்க விரும்புகிறாய்? ஏன் விரும்புகிறாய்?” என்று வினவி, மாணவர் தம் கைப்பட ஒரு கட்டுரை எழுதித் தருமாறு கேட்கின்றன. நூறு மதிப்பெண்ணுக்கு விடை எழுத அஞ்சாத மாணவரும் இவ்வினாவைக் கண்டு கலங்குவர். பாடநூலில் இல்லாத வினா அன்றோ அது!

கலக்கமுற்றவர் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றிற் செல்வர். ஒரு சாரார், தம் வறுமையை மிகைப்படுத்தி, “தங்கள் பொன்னான பாதங்களே கதி” என்பது போல எழுதுவர். மற்றொரு சாரார், “இமயம்போல் உயர்ந்த குறிக்கோள் உடையேன், உலகையே மாற்றுவேன்” என்று முழங்குவர். முன்னது இரத்தல், பின்னது தற்புகழ்ச்சி. இரண்டும் வேறுவேறாகத் தோன்றினும் குறை ஒன்றே. எழுதியவர் இன்னார் என்பது இரண்டிலும் விளங்குவதில்லை.

உதவி வேண்டி எழுதுதல் தமிழர்க்குப் புதியதன்று. பரிசில் பெற்ற புலவர், பெறாதாரை வள்ளலிடம் வழிப்படுத்தும் ஆற்றுப்படை நூல்கள் சங்க காலத்திலேயே தோன்றின. தம் தேவையைக் கவிதையாக்கி ஓலையில் விடுக்கும் சீட்டுக்கவி என்னும் மரபு பிற்காலத்தில் வளர்ந்தது. இம்மரபின் உயர்வை அறியப் பெருஞ்சித்திரனார் என்னும் புலவரை எண்ணுதல் வேண்டும். அவர் குமணன் என்னும் வள்ளலைப் பாடியபோது, “யான் வறியேன்” என்று வாளா கூறி அமைந்தாரல்லர். மூத்துத் தளர்ந்த தாயையும், பச்சிளங் குழவியோடு வாடும் மனைவியையும், உப்பும் இன்றி வெந்த கீரையையும் கண்முன் காட்டினார். அவ்வளவு வறுமையைக் கூறியவர் அதே பாட்டில் தம் தலையைத் தாழ்த்தவில்லை. மனமின்றித் தரும் பரிசில் யானையே ஆயினும் கொள்ளேன் என்றும், மகிழ்ந்து தந்தால் குன்றிமணி அளவேனும் கொள்வேன் என்றும் தெளிவுறுத்தினார்.

அதியமானிடம் அவர் சென்றபோது நிகழ்ந்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது. அரசன் அவரை நேரிற் காணாமலே பரிசிலைக் கொடுத்து அனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. தம் தகுதியின் அளவறிந்து தரும் பொருள் தினையளவே ஆயினும் இனிது என்பது அவர் கொள்கை. ‘என்னைக் கண்டு கொடு’ என்பதே அவர் வேண்டுகோள். இற்றை நாளில் உதவித்தொகை வழங்குவோர் ஆயிரக்கணக்கான மாணவரை நேரிற் காண்டல் இயலாது. ஆதலின், தம்மைக் காணும் வாய்ப்பை மாணவரே எழுத்தால் உண்டாக்கித் தருதல் வேண்டும். கட்டுரையின் பயன் இதுவே.

வேடசந்தூரை அடுத்த சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் பயின்ற மாணவி ஒருத்தி இவ்வுண்மையை உணர்ந்த வகை இங்குக் கூறத்தக்கது. அவள் தந்தை நூற்பாலைத் தொழிலாளி. தாய் வீட்டில் இரண்டு கறவை மாடுகளைப் பேணி வந்தாள். மாணவி, அறக்கட்டளை ஒன்றிற்கு அனுப்பும் பொருட்டுக் கட்டுரை எழுதித் தன் தமிழாசிரியரிடம் காட்டினாள். கல்வியின் சிறப்பு முதற்பத்தியில் இருந்தது. இரண்டாம் பத்தியில் பெருந்தலைவர் மூவரின் பெயர்கள் இருந்தன. மூன்றாம் பத்தியில் நாட்டுக்குத் தொண்டு செய்வேன் என்னும் உறுதிமொழி இருந்தது. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆசிரியர் படித்துவிட்டு, சிறிது நேரம் பேசாதிருந்தார்.

“அம்மா, இக்கட்டுரையில் உன் பெயரை எடுத்துவிட்டு, உன் அருகில் அமர்ந்திருப்பவள் பெயரை எழுதினால் பொருந்துமா?” என்று வினவினார்.

மாணவி எண்ணிப் பார்த்து, “பொருந்தும் ஐயா” என்றாள்.

“அப்படியானால் இது யாருடைய கட்டுரை?”

அவளால் விடை கூற இயலவில்லை. ஆசிரியர் அவளை அமரச் செய்து, “பள்ளி விட்டு வீட்டுக்குச் சென்றதும் என்ன செய்வாய்?” என்றார்.

“மாடு கறப்பேன் ஐயா. பாலைக் கொள்முதல் நிலையத்தில் ஊற்றிவிட்டு வந்து படிப்பேன். இதையெல்லாம் எழுதலாமா?”

“எழுதலாமா என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் சொல்.”

“பால் ஊற்றியதும் சீட்டுத் தருவார்கள். பாலின் அளவும் கொழுப்பின் அளவும் அதில் இருக்கும். அப்பாவுக்குக் கணக்குச் சொல்வதற்காக அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தேன். எழுதத் தொடங்கி இரண்டு ஆண்டு ஆகிறது. மழைக்காலத்தில் இளம்புல் மேயும்போது பால் கூடுகிறது, கொழுப்புக் குறைகிறது. கோடையில் காய்ந்த சோளத்தட்டை தின்னும்போது பால் குறைகிறது, கொழுப்பு ஏறுகிறது. இரண்டு ஆண்டும் அப்படித்தான். அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை ஐயா.”

“கல்லூரியில் நீ கற்க விரும்புவது எது?”

“கால்நடை அறிவியல் ஐயா.”

“ஏன் என்று இப்போது சொல்ல முடியுமா?”

மாணவியின் முகம் மலர்ந்தது. ஆசிரியர் அதனோடு விடவில்லை. பதினொன்றாம் வகுப்பில் அவள் மதிப்பெண் இறங்கியிருந்ததைச் சுட்டி, அதன் காரணத்தைக் கட்டுரையில் ஏன் கூறவில்லை என்று கேட்டார். அவ்வாண்டு தாய்க்குக் காலில் அடிபட்டு இரண்டு திங்கள் எழ இயலவில்லை என்றும், வீட்டு வேலையும் மாட்டு வேலையும் தன்மேல் விழுந்தன என்றும், குறையைச் சொன்னால் உதவி கிடைக்காதோ என்று அஞ்சி மறைத்ததாகவும் அவள் கூறினாள். “மதிப்பெண் பட்டியலை அவர்கள் பார்க்கத்தான் போகிறார்கள். நீ காரணம் கூறாவிட்டால், அவர்கள் தாமே ஒரு காரணத்தைக் கற்பித்துக் கொள்வார்கள். இரண்டு வரியில் உள்ளதைச் சொல், அழுது சொல்ல வேண்டாம்” என்றார் ஆசிரியர்.

மாணவி நான்கு முறை திருத்தி எழுதினாள். இறுதியில் அமைந்த கட்டுரை குறிப்பேட்டிலிருந்தே தொடங்கியது. அதில் தலைவர் பெயர் ஒன்றும் இல்லை. உலகை மாற்றும் உறுதிமொழியும் இல்லை. இரண்டு மாடுகளும், ஒரு கணக்கும், விடை காணாத ஒரு வினாவும் இருந்தன. அறக்கட்டளையினர் அவளை நேர்காணலுக்கு அழைத்தபோது முதற்கண் கேட்டது, “அந்தக் குறிப்பேட்டைக் கொண்டு வந்திருக்கிறாயா, அம்மா?” என்பதே. அவள் பையிலிருந்து அதை எடுத்து அவர்கள்முன் வைத்தாள். மெய்யாக உள்ள ஒன்றை எழுதியவர்க்கு, அதனை எடுத்துக் காட்டுவதில் அச்சம் இல்லை அன்றோ? உதவி கிடைத்தது.

சிற்றூர் மாணவி செய்த இச்செயலை, நூறாண்டுக்கு முன்னர், உலகம் போற்றும் கணித மேதை ஒருவரும் செய்தார். அவர் சீனிவாச இராமாநுசன். 1887ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1904ஆம் ஆண்டில் பள்ளிக் கல்வி முடித்துக் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணக்கிலேயே மனம் தோய்ந்து ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் அவ்வுதவியை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் தேர்வில் வெற்றி பெறவில்லை. பட்டம் இல்லை, பொருளும் இல்லை. தாம் கண்ட கணித உண்மைகள் நிறைந்த குறிப்பேடுகள் மட்டுமே அவர் செல்வமாக இருந்தன. 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் பணி கிடைத்தது. அங்கு அவர்க்கு மேலலுவலராக இருந்த நாராயண ஐயர் அவரது திறனை உணர்ந்து ஊக்கமளித்தார்.

1913ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 16ஆம் நாளிட்ட ஒரு கடிதத்தை இராமாநுசன், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆர்டி என்னும் கணிதப் பேராசிரியர்க்கு விடுத்தார். அக்கடிதம் தொடங்கிய வகையைக் கருதுக. தாம் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஓர் எழுத்தர் என்றும், தம் ஊதியம் ஆண்டுக்கு 20 பவுனே என்றும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லை என்றும் முதலிலேயே கூறிவிட்டார். குறையை மறைக்கவில்லை, அதற்காக வருந்திப் புலம்பவும் இல்லை. ஊதியத்தை ரூபாயில் கூறாமல் பவுனில் கூறியதும் நுட்பமானது. படிப்பவர் ஆங்கிலேயர், அவர்க்குப் புரியும் அளவையில் சொன்னார். பணிநேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் கணக்கில் உழைப்பதாகக் குறிப்பிட்டு, தாம் கண்ட முடிவுகளை உடன் அனுப்பினார். அவை ஏறக்குறைய 120. ‘யான் திறமையுடையேன்’ என்னும் சொல்லுக்கு மாறாக, திறமையையே தாளில் எழுதி அனுப்பினார் என்பது பொருந்தும்.

ஆர்டி தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அத்தாள்களை ஆராய்ந்தார். சில முடிவுகள் முன்பே அறியப்பட்டவை, சில பிழையானவை, சிலவோ அவ்விருவரும் அதுகாறும் கண்டறியாதவை. இதனை எழுதியவர் உயர்ந்த கணிதவாணராகவே இருத்தல் வேண்டும் என்று துணிந்து, மெய்ப்பிக்கும் சான்றுகளை அனுப்புமாறு விடை எழுதினார்.

அவ்வாண்டு பிப்பிரவரித் திங்கள் 27ஆம் நாள் இராமாநுசன் எழுதிய இரண்டாம் கடிதத்தில்தான் தம் தேவையை வெளிப்படையாகக் கூறினார். தாம் அரைப்பட்டினி கிடப்பதாகவும், அறிவைக் காக்க உணவு வேண்டும் என்றும், பேராசிரியரின் பரிவு நிறைந்த மடல் ஒன்று கிடைப்பின் பல்கலைக்கழகத்திடமோ அரசாங்கத்திடமோ உதவித்தொகை பெற அது துணைசெய்யும் என்றும் எழுதினார். எவ்வளவு தெளிவான வேண்டுகோள்! இன்னது வேண்டும், இன்னதற்கு வேண்டும், நீங்கள் செய்யக்கூடியது இது என்று மூன்றும் அதில் அடங்கின. வானிலை ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் என்பாரும் அவர் குறிப்புகளைக் கண்டு சென்னைப் பல்கலைக்கழகத்திற்குப் பரிந்து எழுதினார். பட்டம் பெறாத இராமாநுசனுக்குத் திங்களுக்கு 75 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கப் பல்கலைக்கழகம் இசைந்தது. 1913ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து அவர் உணவுக் கவலையின்றிக் கணிதத்தில் ஈடுபட்டார். மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1918ஆம் ஆண்டில் இலண்டன் அரசவைக் கழகத்தின் உறுப்பினரானார்.

இவற்றால் பெறப்படும் நெறிகள் சிலவே. அவற்றுள் முதலாவது, வினாவை நன்கு படித்தல். திண்டுக்கல் என்றவுடன் பலர்க்கும் நினைவுக்கு வருவது பூட்டு. அவ்வூர்க் கைவினைஞர் அரத்தால் அராவி அராவிச் செய்யும் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அக்கைவினைஞர், ஒவ்வொரு பூட்டுக்கும் அதற்கென்றே திறவுகோலை அமைப்பர். ஒன்றின் திறவுகோலைக் கொண்டு மற்றொன்றைத் திறத்தல் ஆகாது. கட்டுரையும் அத்தகையதே. ஓர் அறக்கட்டளை, ‘கடந்து வந்த இடர் யாது?’ என்று கேட்கும். மற்றொன்று, ‘ஊருக்கு என்ன செய்தாய்?’ என்று கேட்கும். முன்னதற்கு எழுதியதைப் பின்னதற்கு அனுப்புவோரும், பிறர் எழுதியதைப் பெயர்த்து எழுதுவோரும், பொருந்தாத திறவுகோலைப் பூட்டில் நுழைப்போரே ஆவர்.

இரண்டாவது, பொதுச்சொல்லை விட்டுச் சிறப்புச்செய்தியைக் கூறுதல். ‘கடினமாக உழைத்தேன்’ என்பதைவிட, ‘காலை நான்கரை மணிக்கு எழுந்து மாடு கறந்தபின் படித்தேன்’ என்பது வலிமையுடையது. ‘குடும்பம் வறுமையில் வாடுகிறது’ என்பதைவிட, தந்தையின் ஊதியம் இவ்வளவு, கட்டணம் இவ்வளவு, குறைவது இவ்வளவு என்று காட்டுவது தெளிவுடையது. மூன்றாவது, உண்மை. இல்லாத துன்பத்தைக் கூட்டுவதும் செய்யாத தொண்டைச் சேர்ப்பதும் அறமன்று. தக்கவர் ஒருவர்க்குச் சேரவேண்டிய பொருளைக் கவர்வதாகவும் அது முடியும். நான்காவது, திருத்தம். எழுதியதை உரக்கப் படித்தால், பொய்யான சொல் நாவில் இடறும். தேவையற்ற சொல் மூச்சை வாங்கும். இத்துணைச் சொற்களில் எழுதுக என்று வரையறை இருப்பின் அதனை மீறலாகாது. ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தால், கருத்தைத் தமிழில் தெளிவாக எண்ணிக்கொண்டு, தாம் பொருளறிந்த எளிய சொற்களையே ஆளுதல் நன்று. பரிந்துரை தரும் ஆசிரியர்க்குப் போதிய நாள் இடைவெளி தந்து, இறுதி நாளுக்கு முன்பே விண்ணப்பத்தை அனுப்பிவிடுதலும் கடமை.

இவ்வளவும் செய்தபின் உதவி கிட்டாமற் போதலும் உண்டு. இடங்கள் சில, வேண்டுவோர் பலர். ஆர்டிக்கு எழுதுமுன் இராமாநுசன் கேம்பிரிட்ஜ்க் கணித அறிஞர் வேறு இருவர்க்கும் எழுதினார். அவர்கள் உதவ முன்வரவில்லை. அதனால் அவர் குறிப்பேட்டில் இருந்த உண்மைகள் பொய்யாகிவிடவில்லை. மறுக்கப்பட்டது ஒரு விண்ணப்பமேயன்றி, விண்ணப்பித்தவரின் தகுதியன்று. மேலும், நேர்மையாக எழுதப்பட்ட கட்டுரையால் ஒரு பயன் எஞ்சி நிற்கும். தாம் விரும்புவது யாது, அதனை ஏன் விரும்புகிறோம் என்று எழுதியவர் தெளிந்திருப்பர். அத்தெளிவோடு அடுத்த கதவைத் தட்டுவது எளிது.

உதவி பெற்றவர் எழுதவேண்டிய ஓலை ஒன்றும் உண்டு. 1919ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11ஆம் நாள், நோயுற்ற நிலையில் இங்கிலாந்திலிருந்து இராமாநுசன் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஒரு மடல் விடுத்தார். பல்கலைக்கழகம் தமக்கு அளிக்க முன்வந்த தொகையை நன்றியுடன் ஏற்பதாகவும், தாயகம் திரும்பியபின் அது தம் தேவைக்கு மிக அதிகமாகும் என்றும் அதில் குறித்தார். பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் தந்து, தம் இன்றியமையாச் செலவுகளும் போக எஞ்சுவதை, ஏழைச் சிறுவர்க்கும் ஆதரவற்ற பிள்ளைகட்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்கு நூல்கள் வழங்கவும் பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்டார். ஆறு ஆண்டுகட்கு முன் அரைப்பட்டினியை மறையாது கூறிய அதே கை, இப்போது பிறர் பசியை நினைந்து எழுதியது. இரண்டு ஓலைகளிலும் உள்ளது உள்ளவாறே உரைக்கப்பட்டது. இரண்டிலும் எழுதியவர் தலைநிமிர்ந்தே நின்றார். உதவி வேண்டி எழுதும் மாணவர் ஒவ்வொருவரும், தாம் என்றேனும் ஒருநாள் இவ்விரண்டாம் ஓலையை எழுதும் நிலை பெறுவோம் என்று எண்ணி முதல் ஓலையைத் தொடங்குவாராக.